நலமாக வாழ்கிறவர்களைக் கேட்போம்: கம்பம் பள்ளத்தாக்கில் இருமுனை மனநோய்

லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவர் இரத்தத்தில் அதன் அளவைப் பார்க்கப் போகும்போது, கடைசி மாத்திரை விழுங்கி 12 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். இரவு எட்டு மணிக்கு மாத்திரை என்றால் காலை எட்டு மணிக்கு இரத்தம் எடுக்க வேண்டும். காலையில் போடும் மாத்திரை இருந்தால் அதை இரத்தம் கொடுத்த பிறகுதான் போடவேண்டும். நேரம் தவறினால் கிடைக்கும் அளவை நம்பி மருத்துவர் மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது.

ஆஸ்பத்திரிக்கு அடுத்த தெருவில் இருப்பவருக்கு இது ஒரு வேலையே இல்லை. கூடலூரில் குடியிருந்து, விடியுமுன் ஜீப் ஏறி, மலைக்கு மேலே இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டத்தில் கூலி வேலை பார்க்கும் ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை க.விலக்கில் இருக்கிறது. கம்பத்திலிருந்தே ஏறக்குறைய 50 கிலோமீட்டர். கூடலூர் அதற்கும் அப்பால். இரத்தம் கொடுக்கும் நாளில் கூலி போய்விடும். ஜீப்புக்கு வராததற்குக் கங்காணியிடம் ஒரு காரணம் சொல்லியாக வேண்டும். உண்மையைச் சொன்னால் மறுநாள் பக்கத்தில் உட்காரவே ஆட்கள் யோசிப்பார்கள்.

இந்தப் பெண் ஓர் எடுத்துக்காட்டுதான். ஆனால் மாத்திரையையும் வேலையையும் வீட்டையும் ஆண்டுக்கணக்கில் கைவிடாமல் கொண்டுசெலுத்துகிறவர்கள் இந்தப் பள்ளத்தாக்கிலும் உண்டு. என்ன காரணம் சொல்லி லீவு எடுப்பது, எந்த அறிகுறி தெரிந்ததும் யாரிடம் போவது, வீட்டில் யாரிடம் எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்றெல்லாம் அவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கை யாரும் கேட்டு எழுதிக்கொள்வதில்லை. நோய் முற்றி வருகிறவர்களைப் பற்றிய பதிவு ஆஸ்பத்திரியில் இருக்கிறது. நலமாக இருக்கிறவர் மாதம் ஒருமுறை வந்து சீட்டைக் காட்டி மாத்திரை வாங்கிக்கொண்டு போகிறார். இரண்டு நிமிடத்தில் அவர் கதை முடிந்துவிடுகிறது. அந்த இரண்டு நிமிடத்துக்கு வெளியே அவர் வாழும் வாழ்க்கையை ஆய்வுக்கு உரிய பொருளாக எடுக்க வேண்டும், அந்த ஆய்வை அவரோடு சேர்ந்தே செய்யவேண்டும் என்பதுதான் இக்கட்டுரையின் வாதம்.

இருமுனை மனநோய் என்பது, பைபோலார் என்று இன்று பலரும் சொல்வது, மனநிலை இரண்டு திசையில் எல்லை மீறிப் போகும் நோய். மேனியா என்னும் எழுச்சிக் கட்டத்தில் தூக்கம் தேவைப்படாது, பேச்சு நிற்காது, பணம் தண்ணீராய்ச் செலவாகும், தன்னால் ஆகாதது எதுவுமில்லை என்று தோன்றும். சோர்வுக் கட்டத்தில் எழுந்து முகம் கழுவுவதே பெரும்பாடு. சாவைப் பற்றிய எண்ணம் விடாது. இரண்டுக்கும் இடையே மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில், நோயின் சுவடே தெரியாமல் இருக்கும். இந்த இடைக்காலம்தான் இங்கே நமக்கு முக்கியம். ஒருவர் வாழ்நாளில் பெரும்பகுதி அங்கேதான் கழிகிறது, அல்லது கழிய முடியும்.

பெங்களூரின் தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, வயது வந்தோரில் 0.5 விழுக்காட்டினருக்கு வாழ்நாளில் இந்த நோய் வந்திருப்பதாகவும், 0.3 விழுக்காட்டினருக்கு ஆய்வின்போது இருந்ததாகவும் கணக்கிட்டது. நோய் இருந்தும் சிகிச்சை கிடைக்காதவர்கள் 70.4 விழுக்காடு. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தேனி மாவட்டத்தில் 12,45,899 பேர். தேசிய விகிதத்தை அப்படியே பொருத்திப் பார்த்தால், வயது வந்தோரில் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வாழ்நாளில் ஒருமுறையாவது இதைக் கண்டிருப்பார்கள். தோராயக் கணக்குதான். ஆனால் ஒவ்வொரு ஊரிலும் ஒரு சிலராவது உண்டு என்று சொல்ல இது போதும்.

நலமாக இருப்பவர்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் முயற்சி வேறு இடங்களில் நடந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில் சாரா ரஸ்ஸல் என்னும் ஆய்வாளர், தாமே இருமுனை மனநோயோடு வாழ்பவர், இந்த நோய் இருந்தும் நலமாக இருந்த 100 பேரிடம் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார். ஜான் பிரவுனுடன் சேர்ந்து அவர் எழுதிய ஆய்வு 2005இல் வெளிவந்தது. தமக்கு நோய் எதனால் கிளம்புகிறது, கிளம்பும்போது முதலில் எது மாறுகிறது, அப்போது என்ன செய்யவேண்டும் என்பதை ஒவ்வொருவரும் தமக்கென்று அறிந்து வைத்திருந்தார்கள். உறக்கத்தைப் பாதுகாத்தார்கள். நெருங்கிய ஒரு சிலரிடம் திட்டத்தைச் சொல்லி வைத்திருந்தார்கள். மருந்து அதில் ஒரு பகுதி. மருந்து மட்டுமே என்று சொன்னவர்களின் ஆய்வாக அது இல்லை, மருந்தே வேண்டாம் என்கிற ஆய்வாகவும் இல்லை.

கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் எரின் மிக்கலக் இதைத் தனிமனித முயற்சியாக விடாமல் ஓர் அமைப்பாக்கினார். கிரெஸ்ட்-பிடி என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்தக் கூட்டாய்வு வலையில் மனநல மருத்துவர்கள், உளவியலாளர்கள், நோயோடு வாழ்பவர்கள், அவர்கள் குடும்பத்தார் எல்லோரும் உறுப்பினர். எதை ஆராய்வது, எந்தக் கேள்வியைக் கேட்பது, கிடைத்த பதிலுக்கு என்ன பொருள் என்று முடிவு செய்வதில் நோயோடு வாழ்பவர்களுக்கும் இடம் உண்டு. கேள்வித்தாளை நிரப்பிக் கொடுத்துவிட்டுப் போகிறவர்களாக மட்டும் அவர்கள் இல்லை. 2006இல் மிக்கலக்கும் அவருடன் பணிபுரிந்தவர்களும் வெளியிட்ட நேர்காணல் ஆய்வில் மக்கள் எவற்றைப் பற்றிப் பேசினார்கள் என்று பார்த்தால் வியப்பாக இருக்கும்: அன்றாட ஒழுங்கு, பிறரைச் சாராமல் இருப்பது, நோயை வெளியே சொல்வதா மறைப்பதா என்னும் சிக்கல், நான் யார் என்னும் கேள்வி, உறவுகளின் துணை, ஆன்மிகம். மருத்துவரின் சீட்டில் இவற்றில் ஒன்றுக்கும் இடமில்லை.

அந்த நேர்காணல்களின் அடிப்படையில் வளர்ந்ததுதான் 2010இல் மிக்கலக்கும் ஆஸ்திரேலியாவின் கிரெக் மரேயும் வெளியிட்ட வாழ்க்கைத்தர அளவுகோல். உடல், உறக்கம், மனநிலை, சிந்தனைத் தெளிவு, ஓய்வுநேரம், உறவு, ஆன்மிகம், பணம், வீட்டு வேலை, தன்மதிப்பு, சுதந்திரம், அடையாளம் என்று 12 துறைகள். வேலையோ படிப்போ உள்ளவருக்குக் கூடுதலாக இரண்டு. ஒவ்வொன்றிலும் கடந்த வாரம் எப்படிப் போயிற்று என்று அவரவரே சொல்ல வேண்டும்.

நம் நாட்டில் அரசு பயன்படுத்தும் அளவுகோலை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி மனநோய்க்கும் சான்றிதழ் உண்டு. அதற்கு ‘ஐடியாஸ்’ என்னும் மதிப்பீட்டு முறை. தன்னைப் பேணுதல், பிறரோடு பழகுதல், பேச்சும் புரிதலும், வேலை ஆகிய நான்கு துறைகளில் எவ்வளவு இழப்பு என்று மருத்துவர் எண் போடுவார். நோய் எத்தனை ஆண்டாக இருக்கிறது என்பதும் சேரும். 40 விழுக்காட்டைத் தொட்டால் சலுகை. இதை நான் குறைத்துச் சொல்லவில்லை. சான்றிதழால் உதவித்தொகையும் பயணச் சலுகையும் பெறும் குடும்பங்களுக்கு அது பெரிய விஷயம். ஆனால் இழப்பை மட்டும் அளக்கும் ஏற்பாட்டில், நலமாகிக்கொண்டு வருகிறவர் தமக்குக் கிடைப்பதை இழக்கிறார். எதனால் நலமானார் என்ற கேள்வியோ அந்தப் படிவத்தில் கிடையாது. உறக்கம் அதில் ஒரு துறையாக இல்லை என்பதைக் கவனியுங்கள். இருமுனை மனநோயில் முதலில் மாறுவதும், முதலில் காக்க வேண்டியதும் அதுதான்.

தாமஸ் வேர் என்னும் அமெரிக்க மனநல ஆய்வாளர் 1987லேயே இதை எழுதினார். துக்கம், பிரயாணம், பிள்ளைப்பேறு, பண்டிகை, மருந்து என்று மேனியாவைக் கிளப்பும் காரணங்கள் பலவாக இருந்தாலும் அவை பெரும்பாலும் உறக்கக் குறைவு என்னும் ஒரே வாசல் வழியாகத்தான் வருகின்றன என்பது அவர் கருத்து. பிட்ஸ்பர்க்கில் எலன் ஃபிராங்க் இந்த அறிவை ஒரு சிகிச்சையாக வளர்த்தார். எழும் நேரம், முதல் ஆளைப் பார்த்துப் பேசும் நேரம், வேலை தொடங்கும் நேரம், சாப்பாட்டு நேரம், படுக்கும் நேரம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டே வந்து, அவை நாளுக்கு நாள் தாறுமாறாகாமல் பார்த்துக்கொள்வது அதன் மையம். தீவிர நோய்க்கட்டத்தில் இந்தச் சிகிச்சை பெற்றவர்களுக்கு அடுத்த நோய்க்கட்டம் வருவது தள்ளிப்போயிற்று என்று 2005இல் அவர் குழு காட்டியது.

இனி இதைக் கம்பம் பள்ளத்தாக்குக்குக் கொண்டு வாருங்கள். சிக்கல் உடனே தெரியும். பிட்ஸ்பர்க்கில் ஒருவர் படுக்கும் நேரத்தைத் தாமே முடிவு செய்யலாம். இங்கே அதை முடிவு செய்வது பெரும்பாலும் வேறு ஆட்கள்.

தோட்ட வேலைக்குப் போகும் ஜீப்புகள் இருட்டிலேயே கிளம்பிவிடுகின்றன. அந்தப் பெண்கள் சோறு ஆக்கிக் கட்டிக்கொண்டு தெருமுனைக்கு வர எத்தனை மணிக்கு எழ வேண்டும் என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தேனி, ஆண்டிபட்டிப் பக்கத்து நூற்பாலைகளில் ஷிப்டு முறை. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு என்று மாறினால் உறக்கம் எந்த நேரத்திலும் நிலைக்காது. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் இரு போகம் விளையும் 14,707 ஏக்கரில் முறை வைத்துத் தண்ணீர் விடும் நாட்களில், மடை திறக்கும் நேரம் நள்ளிரவாக இருந்தாலும் மண்வெட்டியோடு போயாக வேண்டும். போகாவிட்டால் மேல்மடைக்காரர் திருப்பிக்கொள்வார். திராட்சைக்கும் ஓய்வுக் காலம் கிடையாது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையின் பெருமையே அது ஆண்டு முழுக்க அறுவடைக்கு வருவதுதான். விவசாயிக்கு நல்லது, ஒழுங்காக உறங்க வேண்டியவருக்குத் தைமாதமும் ஆடிமாதமும் ஒன்றே.

கார்த்திகை பிறந்தால் இன்னொன்று. சபரிமலைக்குப் போகும் வண்டிகள் தேனி, கம்பம் வழியாக இரவும் பகலும் போகின்றன. கூட்டம் பெருகும்போது ஏறுகிற வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாகவும் இறங்குகிற வண்டிகளைக் குமுளி வழியாகவும் திருப்பிவிடுவார்கள். ஓட்டல், டீக்கடை, பழக்கடை, பஞ்சர் கடை எல்லாம் விடிய விடியத் திறந்திருக்கும். வாடகைக் கார் ஓட்டுகிறவர் இந்த இரண்டு மாதத்தில்தான் ஆண்டுக் கடனை அடைப்பார். அவருக்கு இருமுனை மனநோய் இருந்தால், ‘ஒழுங்காகத் தூங்குங்கள்’ என்ற அறிவுரை என்ன செய்யும்? அவர் செய்யக்கூடியது வேறு ஏதாவது இருக்கும்: இரவு வண்டியை ஒருநாள் விட்டு ஒருநாள் எடுப்பதோ, மலையேறும் ஓட்டத்தை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டுப் பகல் சவாரியை மட்டும் வைத்துக்கொள்வதோ, சீசன் தொடங்குமுன் மருத்துவரைப் பார்த்து வருவதோ. இதை ஏற்கெனவே செய்து பார்த்து, பலித்தது எது, பலிக்காதது எது என்று அறிந்த ஓட்டுநர்தான் இதற்கு நிபுணர்.

சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா. எட்டு நாள், ஊரே உறங்காது. ஆயிரங்கண் பானை எடுப்பவர்களும் தீச்சட்டி எடுப்பவர்களும் இரவெல்லாம் வந்துகொண்டிருப்பார்கள். நேர்ந்துகொண்டவரைத் திருவிழாவுக்குப் போகாதே என்று தடுப்பது அவரை ஊரிலிருந்து விலக்கி வைப்பதற்குச் சமம். உறவும் ஆன்மிகமும் நலவாழ்வின் துறைகள் என்று மேலே பார்த்தோம். அவரை ஒன்பது மணிக்கே வீட்டுக்கு அழைத்துவரும் அக்காவோ மைத்துனரோ இருந்தால் இரண்டும் காக்கப்படும்.

உத்தமபாளையத்திலும் கம்பத்திலும் ரமலான் நோன்பு பற்றிய கேள்வி எழும். பகல் முழுதும் தண்ணீரில்லாமல் இருந்தால் லித்தியம் இரத்தத்தில் ஏறிவிடாதா? விடியுமுன் ஸஹர் உணவுக்கு எழுவதால் உறக்கம் கெடாதா? மொராக்கோவின் காசாபிளாங்காவில் 20 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு (2000), அவர்களில் 45 விழுக்காட்டினருக்கு நோன்பு மாதத்தில் நோய் திரும்பியதாகச் சொன்னது, பெரும்பாலும் மேனியா. பெஷாவரில் 62 பேரை ஆராய்ந்த இன்னொரு குழு (2010) லித்தியம் அளவு மாறவில்லை, மனநிலையும் மோசமாகவில்லை என்று கண்டது. இரண்டும் சிறிய ஆய்வுகள். இந்த முரணை உத்தமபாளையத்துக்காரர் ஒருவர் எப்படித் தீர்த்துக்கொள்வார்? மருத்துவரிடம் கேட்டு மாத்திரை நேரத்தை மாற்றிக்கொள்வாரா, நோயாளிக்கு மார்க்கம் தரும் விலக்கை எடுத்துக்கொள்வாரா, யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுவாரா? மூன்றாவதுதான் ஆபத்து. அது நடக்காமலிருக்க, மருத்துவரும் ஆலிமும் நோன்பு வைத்துப் பழகிய நோயாளியும் ஒரே இடத்தில் உட்கார்ந்து பேச வேண்டும்.

மருந்து விஷயத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. லித்தியத்துக்குப் பயன்தரும் அளவும் விஷமாகும் அளவும் நெருங்கியிருக்கின்றன. நீண்ட நாள் பயன்பாட்டில் ஒரு லிட்டர் இரத்தத்தில் சுமார் 0.6 முதல் 0.8 மில்லிமோல் வரை இருக்கும்படி பார்ப்பார்கள். சிறுநீரகத்தையும் தைராய்டையும் அவ்வப்போது சோதிப்பார்கள். வெயிலில் வியர்த்து உப்பும் நீரும் குறைந்தால் அளவு ஏறும். வாந்திபேதி வந்தாலும் ஏறும். இடுப்புவலிக்கும் மூட்டுவலிக்கும் போடும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற மாத்திரைகளும் ஊசிகளும் அதை ஏற்றும். நாள் முழுக்கக் குனிந்து வேலை செய்துவிட்டு வருகிறவர் மருந்துக்கடையில் ‘உடம்பு வலிக்கு ஒண்ணு குடுங்க’ என்று கேட்டு வாங்கும் பழக்கம் எல்லோருக்கும் தெரியும். கை நடுக்கம் கூடுவது, நடை தள்ளாடுவது, பேச்சு குழறுவது ஆகியவை அளவு மீறியதன் அறிகுறிகள். அக்கம்பக்கத்தார் குடித்திருக்கிறார் என்று நினைத்துவிடுவார்கள். லித்தியம் சாப்பிடுகிறவர் மருந்துக்கடையில் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கடைக்காரர் தெரிந்தவராக இருந்தால் நோய் ஊருக்குத் தெரியும். சொல்லாவிட்டால் உயிருக்கு ஆபத்து. இப்படிப்பட்ட இடங்களில்தான் அனுபவஸ்தரின் வழி தேவைப்படுகிறது.

தமிழ்நாட்டில் நோயோடு வாழ்கிறவர்களின் வழியை மதித்துக் கவனித்த ஓர் ஆய்வு இருக்கிறது. 2000ஆம் ஆண்டு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, வேலாயுதம்பாளையம்புதூர் என்னும் ஊரில் முத்துசாமி கோயிலுக்கு உதவி நாடி வந்து தங்கிய 31 பேரை ஆர். ரகுராமும் அவருடன் பணிபுரிந்தவர்களும் பார்த்தார்கள். 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அது வெளிவந்தது. 31 பேரில் இருவருக்கு இருமுனை மனநோய், மேனியாக் கட்டம். கோயிலில் சிறப்பாக எந்தச் சடங்கும் இல்லை. அன்றாடப் பூஜையில் கலந்துகொள்வார்கள். இடத்தைச் சுத்தம் செய்வது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது போன்ற சில்லறை வேலைகள் செய்வார்கள். சராசரி ஆறு வாரம் தங்கினார்கள். நோய்க்குறி அளவுகோலில் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைவு தெரிந்தது. குடும்பத்தாரும் பெரும்பாலானவர்கள் தேறியதாகவே சொன்னார்கள்.

இந்த ஆய்வைக் காட்டி ‘கோயிலுக்குப் போனால் போதும்’ என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு அதில் இல்லை. மேனியா சில வாரங்களில் தானே தணிவதும் உண்டு. ஆயினும் ஒன்றை மறுக்க முடியாது. அன்றாடப் பூஜை, சின்ன வேலை, துன்புறுத்தாத மனிதர்கள்: பிட்ஸ்பர்க் சிகிச்சையின் பாதியை அந்தக் கோயில் தன் போக்கில் செய்துகொண்டிருந்தது.

கோயிலில் அந்த ஆய்வு நடந்த அடுத்த ஆண்டே, 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி, தர்கா உள்ள ஏர்வாடியில் மனநலக் காப்பகம் என்ற பெயரில் நடந்த கொட்டகையில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் மாண்டார்கள். புனித இடத்தின் நிழலில் இரண்டுமே நடந்தன. பின்னாளில் ஏர்வாடி தர்காவிலேயே துவாவோடு மருந்தும் கிடைக்க அரசு ஏற்பாடு செய்தது. கோடாங்கியிடம் குறி கேட்பதும், சோட்டாணிக்கரைக்குப் போய் வருவதும், மந்திரித்துக் கயிறு கட்டுவதும் தேனிப் பக்கம் ஒரே வீட்டில் மாத்திரையோடு சேர்ந்து நடக்கும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் கே. எஸ். ஜேக்கப் முதலானோர் செய்த ஆய்வுகள், நோயாளிகள் உடல் சார்ந்த விளக்கத்தையும் தெய்வம், செய்வினை சார்ந்த விளக்கத்தையும் ஒரே சமயத்தில் வைத்துக்கொள்வதைக் காட்டியிருக்கின்றன. அதைக் கேலி செய்யும் மருத்துவரிடம் மக்கள் கயிற்றை மறைப்பார்கள். பிறகு நிறுத்திய மாத்திரையையும் மறைப்பார்கள்.

பெண்களின் நிலை தனியாகப் பேச வேண்டியது. ‘கல்யாணம் பண்ணி வச்சாச் சரியாப் போகும்’ என்று மறைத்துக் கட்டிக்கொடுத்துவிட்டு, புகுந்த வீட்டில் மாத்திரை சாப்பிட முடியாமல் நோய் திரும்பும் கதை பல குடும்பங்களுக்குத் தெரிந்ததுதான். 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் 13ஆம் பிரிவில், விட்டு விட்டு வரும் மனநோயையும், சேர்ந்து வாழ இயலாத அளவுக்கு இருந்தால், மணமுறிவுக்குக் காரணமாக ஏற்கிறது. சொன்னால் சம்பந்தம் அமையாது, மறைத்தால் வழக்கு வரும் என்ற இடுக்கில் பெற்றோர் நிற்கிறார்கள். வால்புரோயேட் என்னும் மருந்து கருவைப் பாதிக்கும் என்பதால் பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கு அதைத் தவிர்ப்பார்கள். நோயை மறைத்தால் இந்தப் பேச்சே நடக்காது. பிள்ளைப்பேற்றுக்குப் பிந்திய வாரங்கள் இந்த நோய் உள்ள பெண்ணுக்கு வாழ்நாளிலேயே ஆபத்து மிகுந்தவை. நம் வழக்கத்தில் தாய்வீட்டில் அம்மா இரவில் குழந்தையைத் தன் பக்கத்தில் போட்டுக்கொண்டு, பால் கொடுக்க மட்டும் மகளை எழுப்புவார். மருத்துவம் சொல்லும் உறக்கப் பாதுகாப்பு அந்த ஏற்பாட்டில் இருக்கிறது. அம்மா இல்லாத, அல்லது தோட்ட வேலைக்குப் போயாக வேண்டிய அம்மா உள்ள வீடுகளில் அந்த இடத்தை யார் நிரப்புவது என்பதை ஆய்வு கேட்க வேண்டும்.

பணம் இன்னொன்று. மேனியாவில் இருப்பவர் போடி ஏல வியாபாரத்தில் கைமீறிக் கொள்முதல் பேசுவார், நகையை அடகு வைத்துக் கடை தொடங்குவார். வீட்டார் பத்திரத்தையும் ஏடிஎம் அட்டையையும் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். நோய் தணிந்த பிறகும் அவை திரும்புவதில்லை; நாற்பது வயது மனிதர் பஸ் காசுக்குத் தம்பியிடம் கை நீட்டுகிறார். பாதுகாப்பு எந்த இடத்தில் பறிப்பாகிறது என்பதை வெளியாள் சொல்லிவிட முடியாது. 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம், நோய் தீவிரமாகும்போது தமக்கு என்ன சிகிச்சை வேண்டும், என்ன வேண்டாம், தம் சார்பில் பேச யார் வேண்டும் என்று தெளிவாக இருக்கும்போதே எழுதி வைக்கும் உரிமையைத் தருகிறது. அது சிகிச்சை பற்றியது, சொத்துக்குப் பொருந்தாது. ஆனால் அதே முறையில், எந்த அறிகுறி தெரிந்தால் அட்டையைக் கொடுப்பேன், எத்தனை வாரம் நன்றாக உறங்கினால் திரும்பத் தரவேண்டும் என்று ஒரு வீட்டு ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாம்.

அறிகுறியைக் கண்டுகொள்ளப் பழகுவதன் பலனுக்குச் சான்று இருக்கிறது. இங்கிலாந்தில் 69 பேரைக் கொண்டு நடந்த ஆய்வு (1999), ஏழு முதல் பன்னிரண்டு அமர்வுகளில் அவரவர் முன்னறிகுறியை அறியவும் உடனே உதவி தேடவும் கற்பித்தது. கால்வாசிப் பேருக்கு மேனியா திரும்ப, பழக்கப்படாத குழுவில் 17 வாரம் ஆயிற்று. பழகிய குழுவில் 65 வாரம். சோர்வுக் கட்டத்துக்கு இது உதவவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் இந்தியாவில் நடந்த ஆய்வுகளில் மேனியா மேலோங்கிய போக்கு அடிக்கடி தெரிகிறது. ஆகவே இந்த முறை நம் ஊருக்குப் பயன்பட நல்ல வாய்ப்பு உண்டு.

தேனியில் கூட்டாய்வு என்றால் எப்படி இருக்கும்? மருத்துவக் கல்லூரியின் மனநலத் துறை, மாவட்ட மனநலத் திட்டக் குழு, நோயோடு நலமாக வாழும் ஏழெட்டுப் பேர், குடும்பத்தார் சிலர் சேர்ந்து முதலில் கேள்விகளை எழுத வேண்டும். தண்ணீர் முறை, ஷிப்டு, சீசன், நோன்பு, தாய்வீடு எல்லாம் அந்தக் கேள்விகளில் வரும். கனடாவில் எழுதியதைத் தமிழாக்கினால் இவை வராது. கலந்துகொள்ளும் நாளுக்கு அன்றைய கூலி கொடுக்க வேண்டும். ஏலத்தோட்டத் தொழிலாளி இலவசமாக அறிவுரை சொல்ல வரவேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. கட்டுரை வெளிவரும்போது, அவர் விரும்பினால், ஆசிரியர் பட்டியலில் அவர் பெயரும் இருக்க வேண்டும். விரும்பாவிட்டால் பெயர் எந்தத் தாளிலும் தெரியக் கூடாது. சின்ன ஊரில் வயது, தெரு, தொழில் மூன்றைச் சொன்னாலே ஆள் தெரிந்துவிடும். கூட்டம் நடத்தும் இடம்கூட மனநலப் பிரிவின் வாசலாக இல்லாதிருப்பது நல்லது.

எதிர்க்கேள்வி ஒன்று உண்டு, நியாயமானது. நலமாக இருப்பவர்களை மட்டும் கேட்டால், நோய் இலேசாக இருந்தவர்களும் நிலபுலன் உள்ளவர்களுமே பேசுவார்கள். அவர்கள் வழி மற்றவர்களுக்கு எப்படிப் பொருந்தும்? உண்மைதான். அதனால்தான் ஒரே வருமானமும் ஒரே அளவு நோயும் உள்ளவர்களில் ஒருவர் தேறியும் இன்னொருவர் தேறாமலும் இருப்பதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மாத்திரையை நிறுத்தி மூன்று முறை விழுந்தெழுந்தவரும் குழுவில் இருக்க வேண்டும். சாதியும் இதில் உண்டு: யார் வீட்டுத் திண்ணையில் யார் உட்கார்ந்து பேச முடியும் என்பது தெரியாமல் குழு அமைத்தால் அது முதல் கூட்டத்தோடு கலையும்.

செலவு பெரிதில்லை. நாலைந்து தாலுகா மருத்துவமனைகளில் மாதம் ஒரு பிற்பகல், ஒரு பதிவாளர், பயணப்படி, கூலி. தேனி மருத்துவக் கல்லூரியில் மனநல முதுகலை படிக்கவும் ஆய்வு செய்யவும் வருகிறவர்களையும், மாவட்ட மனநலத் திட்டத்தை நடத்துகிறவர்களையும் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: அடுத்த மாதம் மாத்திரைச் சீட்டோடு வருகிறவர்களில், ஐந்து ஆண்டுகளாக உள்நோயாளியாகச் சேராதவர் ஒருவரை உட்காரவைத்து, எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேளுங்கள், அவர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். இதைப் படிக்கும் உங்கள் வீட்டில் இந்த நோய் இருந்தால், மருந்தை நிறுத்துமுன் மருத்துவரிடம் பேசுங்கள். மனநல ஆலோசனைக்கு அரசின் டெலிமானஸ் எண் 14416. இரவிலும் கட்டணமில்லாமல் தமிழில் பேசலாம்.